வலப்பக்கம் போய்க் குந்திய எழுத்து

போன கிழமை, நான் முன்பு வேலை செய்த கொம்பியூட்டர் கடைப் பொடியன்மார் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு. மஸ்கட்டோடு வருகிறவர்களுக்கு ஏதோ ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருக்கிறார்களாம். அதில் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுமாம். அந்தக் கடையில் ஓய்வு பெற்றவன் என்று இருப்பது நான் ஒருவன்தான். ஆகவே அந்தப் பக்கம் முழுவதும் எனக்கே எனக்கு.

அவர்களுடைய வேலை இப்போது வேறு மாதிரி. வாடிக்கையாளர் அழைப்பார். இவர்கள் கடையில் இருந்தபடியே அவருடைய திரையைத் தங்கள் திரையில் பிடித்து, அம்புக்குறியை இங்கிருந்தே ஓட்டிப் பழுதைத் தீர்த்துவிடுவார்கள். வெயில் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, நாய் இல்லை. நான் பொறாமைப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாய்களைப் பொறுத்தவரை பொறாமைதான்.

நீங்கள் பார்த்ததிலேயே ஆகக் கஷ்டமான பழுது எது என்று கேட்டார்கள். வெள்ளம் புகுந்த அலுவலகம், இடி விழுந்த தொலைபேசி நிலையம் என்று ஏதாவது சொல்வேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒரு கலியாண அழைப்புக் காட் என்றேன். வெறும் எழுத்து மட்டும் அடிக்கிற ஒரு சாதாரண எடிட்டரில், எழுத்தெல்லாம் வலப்பக்கம் போய்க் குந்திக்கொண்டது, அதுதான் என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்; காக்காவுக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெண்பிள்ளையின் கலியாணம் அந்தப் பழுதில் தொங்கிக்கொண்டு நின்றது அவர்களுக்குத் தெரியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் ஆதம்பாவா. சாய்ந்தமருது முதல் மருதமுனை வரை பாவா காக்கா என்றால் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தப் பழகினேன். பிறகு சில வருடம் சவூதியில் ஏசி மெசின்களோடு மல்லுக்கட்டினேன். திரும்பி வந்தபோது ஊரில் கொம்பியூட்டர் வந்து, ரேடியோ திருத்துகிறவனைத் தேடுவாரில்லாமல் போயிருந்தது. ஒரு கோர்ஸ் செய்து சான்றிதழ் எடுத்தேன். உம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அந்தச் சான்றிதழுக்குள் இருந்ததை எல்லாம் ரூபி மிஸ் முதல் மாதத்திலேயே எனக்கு மறக்கடித்துவிட்டார்.

ரூபி மிஸ்தான் எங்கள் கடையின் முதலாளி. கல்முனை மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். என்னை விட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம், கேட்கத் தைரியம் வரவில்லை. கொழும்பில் படித்துவிட்டு ஊருக்கு வந்து, பெண் ஒருத்தி கொம்பியூட்டர் திருத்துவதா என்று ஊர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடையைத் திறந்தவர். கஞ்சி போட்ட சேலை, கறுப்புக் குடை, ஒரு பெரிய கைப்பை. வாடிக்கையாளரின் இடத்துக்குப் போனால் முதலில் ஒரு கதிரை கேட்பார். உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்துக்கொள்வார். பிறகு ஒரே ஒரு சொல்தான் சொல்வார். "காட்டுங்க."

அவ்வளவுதான் அவருடைய வித்தை. பழுது தன் கண்முன்னால் நடக்கும் வரைக்கும் அவர் கை அந்தப் பையை விட்டு எழும்பாது. எங்களுக்கும் அதே சட்டம். பழுதைக் காணாமல் ஒரு திருகாணியைக் கழற்றினாலும் மிஸ்ஸுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், 'நீங்கள்' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார். அதற்குச் சத்தமே தேவலை.

இன்னொரு சட்டமும் இருந்தது. கடைக்குள் 'சும்மா' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. வாடிக்கையாளர்கள் எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். சும்மா இருக்கும்போது நின்றுவிட்டது, சும்மா தொட்டேன், சும்மா ஒரு மாதிரிச் சத்தம் வந்தது. வாடிக்கையாளர் சொல்லலாம், நாங்கள் அதைக் காவிக்கொண்டு கடைக்கு வரக்கூடாது. சொன்னவன் அன்று கடையைக் கூட்ட வேண்டும். சேர்ந்த புதிதில் கடையை நான் மிகவும் சுத்தமாக வைத்திருந்தேன்.

மிஸ்ஸின் சட்டம் எனக்கு உறைத்தது காரைதீவில். வயல்களுக்குத் தண்ணீர் திறப்பது, வாய்க்கால் துப்புரவாக்குவது போன்ற காரியங்களைப் பார்க்கும் வட்டவிதானையார் ஒருவர், கமக்காரர் அமைப்பின் கொம்பியூட்டருக்கும் பொறுப்பாக இருந்தார். திரையில் ஏதோ சின்னக் கோளாறு, ஆறுதலாக வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஆறுதலாகத்தான் போனேன். போய்ப் பார்த்தால் மொனிட்டர் தலைகீழாக, இரண்டு உர மூட்டைகளுக்கு நடுவில் முண்டு கொடுத்து நிற்கிறது. திரையில் படம் ஒரு நாள் தலைகீழாகப் புரண்டுவிட்டதாம். அவர் மொனிட்டரையும் புரட்டி வைத்துவிட்டு, பெரும்போக வேளாண்மை முழுவதும் அதிலேயே வேலை செய்திருக்கிறார்.

ஏன் ஐயா எங்களை அப்போதே கூப்பிடவில்லை என்று கேட்டேன். "அது கிறுகினா நாமளும் கிறுக்கி வைக்கிறதுதானே தம்பி" என்றார். அவருடைய ஊரில் வாய்க்கால் திசை மாறினால் வரம்பை மாற்றுவார்கள், அந்தக் கணக்கு. நான் கீபோட்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமத்தினேன், படம் நேரானது. மொனிட்டர்தான் இப்போது தலைகீழ். அதை நேராக்க உர மூட்டையை அகற்றும்போது அவர் முகம் கொஞ்சம் வாடிப்போனதை நான் கண்டேன். பழகிவிட்டது பாவம். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு மட்டும் ஒரு காலும் முடிவு எடுக்கக்கூடாது என்று அன்றைக்கு விளங்கியது. அவர் சொன்னது சின்னக் கோளாறு.

இனி ஜெஸீமாவின் விஷயம்.

பஸாருக்குப் பின்பக்கம் ஓர் அச்சகம் இருந்தது. அதன் முதலாளி மீராசாகிபு ஹாஜியார். நல்ல மனுசன். ஆனால் மனதில் பட்டதை அப்படியே வாயில் விடுகிறவர், அதுவும் தேத்தண்ணிக் கடையில் வைத்து விடுகிறவர். அவருடைய அச்சகத்தில் கலியாணக் காட்தான் பெரிய வேலை. வீட்டார் கடிதத்தில் எழுதித் தரும் வாசகத்தை முதலில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் அடித்து, கடதாசியில் எடுத்து, வீட்டாருக்குக் காட்டிப் பிழை பார்ப்பார்கள். பிறகுதான் பூவும் கரையும் போட்டு அழகுபடுத்துகிறவரிடம் அது போகும். அந்த முதல் அடிப்பு முழுவதும் ஜெஸீமாவின் வேலை. கல்முனைக்குடிப் பெண். தட்டச்சுப் பள்ளிக்கூடத்தில் முறையாகப் பழகி, அச்சகத்தில் டைப்ரைட்டர் இருந்த காலத்திலேயே வேலைக்கு வந்தவள். அவள் விரல் ஓடுவதைப் பார்த்தால் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

புதுக் கொம்பியூட்டர் வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. அவள் ஒரு காட்டை அடித்து முடித்து நிமிர்ந்தால், எழுத்தெல்லாம் வலப்பக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும் பட்டை வலப்பக்கத்தில்தானே இருக்க வேண்டும், அது இடப்பக்கம் வந்துவிடும். வரியின் கடைசியில் இருக்க வேண்டிய முற்றுப்புள்ளி வரியின் தலைமாட்டில் போய்ப் படுத்திருக்கும். எடிட்டரை மூடித் திறந்தால் சரியாகும். அடுத்த காட்டில் திரும்பவும் போகும். ஒரு நாள் அவசரத்தில் அதைப் பார்க்காமலே கடதாசியில் எடுத்து ஒரு பெண் வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்கள். கலியாணக் கடிதமே இப்படிக் கிறுகி வந்தால் கலியாணம் எப்படிப் போகும் என்று அவர்கள் முகம் சுழித்துக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்கள்.

இதில் வில்லங்கம் என்னவென்றால், வேறு யார் அடித்தாலும் பழுது வருவதில்லை. ஹாஜியார் ஒற்றை விரலால் குத்திப் பார்த்தார், வரவில்லை. அவருடைய தங்கச்சி மகன் சப்ரி அடித்தான், வரவில்லை. சப்ரி கெட்டிக்காரன். வைரஸ் என்று நினைத்து மெசினை முழுதாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு ஜெஸீமாவின் கையில் பழையபடி. ஹாஜியாரின் மனைவி ஒரு போத்தலில் ஓதின தண்ணீர் அனுப்பிவைத்தார். நல்ல வேளை, அதை ஜெஸீமாவைத்தான் குடிக்கச் சொன்னார்கள், கீபோட்டில் தெளிக்கவில்லை.

கடைசியில் ஹாஜியார் தேத்தண்ணிக் கடையில் வாயை விட்டார். ஜெஸீமாவின் கை அந்தப் பெட்டிக்கு ஒத்துவரவில்லை, கலியாணக் காட் வேலைக்கு அவள் கை ராசியில்லைப் போலிருக்கிறது என்றார். அவர் அதை ஒரு கவலையாகத்தான் சொன்னார். ஆனால் தேத்தண்ணிக் கடையில் சொன்ன கவலை அங்கேயே உட்கார்ந்திருக்குமா? அது பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்குப் போய்விட்டது.

மருதமுனையில்தான் ஜெஸீமாவின் மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஜெஸீமாவின் கணவர் கடலுக்குப் போகிறவர். வீட்டுச் சுவர் எழும்பியது பாதிக்கு மேல் இவளுடைய சம்பளத்தில்தான். கூரைதான் பாக்கி. இந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து போவதைக் குறைத்துக்கொண்டார்கள். கை ராசியில்லாதவள் கட்டிய வீட்டில் மகனைக் குடியேற்றுவதா என்று மாப்பிள்ளையின் உம்மாவிடம் யாரோ ஓதிவிட்டிருந்தார்கள். ஹாஜியாரும் அடுத்த மாதத்தில் இருந்து சப்ரியை அந்தக் கதிரையில் இருத்துவதாகச் சொல்லிவிட்டார். சப்ரிக்கு அந்தக் கதிரையில் ஆசையே இல்லை, அவன் கட்டாருக்குப் போக நின்றான். ஆனால் மாமாவிடம் சொல்லப் பயம்.

இவ்வளவும் எனக்கு ஜெஸீமா சொல்லித்தான் தெரியும். நான் முதல் தடவை அங்கே போனபோது, ஹாஜியார் அப்பால் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வல்லாஹி காக்கா, நான் வேற ஒண்டும் அமத்தல்ல. குனிஞ்சி கடிதத்தப் பாத்து அடிச்சிட்டு நிமிந்தா, எல்லாம் அங்கால போய்க் கிடக்கு. எண்ட மகள்ற கலியாணம் இதால நிண்டு போனா நான் என்ன செய்ற?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

நான் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். கீபோட்டை மாற்றினேன். வேறு எடிட்டர் போட்டேன். திரைக்குரிய மென்பொருளைப் புதுப்பித்தேன். 'அம்மா ஆடு இலை' என்று பக்கம் பக்கமாக அடித்தேன். அவளையும் அடிக்கச் சொன்னேன். 'சோதனை சோதனை' என்று அடித்தாள், எழுத்து வரிக்கு வரி இடப்பக்கத்தில் நல்ல பிள்ளை மாதிரி நின்றது. சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் கடைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஹாஜியார் அழைப்பெடுத்தார். திரும்பவும் போனேன், திரும்பவும் நல்ல பிள்ளை. திரும்பி வந்தேன், திரும்பவும் அழைப்பு. ஹாஜியார் என்னையும் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். என் கை ராசியைப் பற்றியும் எங்காவது கதை போய்விடுமோ என்று எனக்கே பயம் வந்தது.

மிஸ்ஸிடம் சொன்னேன். பழுதைக் கண்டீர்களா என்று கேட்டார். காணவில்லை, சும்மா இருக்கும்போது போகிறதாம் என்றேன். என்னைப் பார்த்தார். நான் போய் விளக்குமாறை எடுத்தேன். கூட்டி முடிந்ததும் மிஸ் குடையை எடுத்துக்கொண்டு, வாங்க போவம் என்றார்.

அச்சகத்தில் மிஸ்ஸுக்குக் கதிரை வந்தது, கைப்பை மடிக்கு வந்தது, கைகள் பைக்கு மேல் வந்தன. ஹாஜியார் நடந்ததை எல்லாம் சொல்ல வாய் திறந்தார். மிஸ் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு ஜெஸீமாவிடம், காட்டுங்க என்றார். திரையைத் தான் பார்ப்பதாகவும் நான் அவளுடைய கையை மட்டும் பார்க்க வேண்டும் என்றும் எனக்குக் காதோடு சொன்னார். இத்தனை தடவை வந்தும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜெஸீமா 'சோதனை' என்று தொடங்கினாள். மிஸ் நிறுத்தினார். அது வேண்டாம், ஒரு காட் அடியுங்கள் என்றார். அவள் பழைய கடிதம் ஒன்றை, பார்த்து அடிப்பதற்காக மேசையின் இடப்பக்கம் வைத்திருந்த சாய்பலகையில் வைத்துவிட்டு அடித்தாள். மணமகளின் வாப்பாவுடைய பெயர், மணமகனின் வாப்பாவுடைய பெயர், இடம், நேரம். ஒன்றும் ஆகவில்லை. எழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஹாஜியார் பெருமூச்சு விட்டார்.

மிஸ் சுவரைப் பார்த்தார். அச்சகத்தில் அடித்த காட்களை மாதிரிக்கு அங்கே ஒட்டி வைத்திருந்தார்கள். எல்லாக் காட்டிலும் உச்சியில் அரபியில் ஒரு வரி இருந்தது. அந்த மேல்வரியை ஏன் விட்டுவிட்டு அடிக்கிறீர்கள் என்று மிஸ் கேட்டார்.

ஜெஸீமா ஹாஜியாரைப் பார்த்தாள். ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் ஜெஸீமாதான் சொன்னாள். "மிஸ், அது பிஸ்மில்லாஹ். சோதனைக்கு அடிச்சிட்டு அழிக்கிறத்துக்கு அத எழுதேலா."

எனக்கு உச்சந்தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. அல்லாஹ்வின் பெயரை விளையாட்டுக்கு எழுதி அழிக்க எங்களில் யாருக்கும் கை வராது. நான் பக்கம் பக்கமாக ஆடும் இலையும் அடித்தேனே தவிர, ஒரு தடவையாவது பிஸ்மில்லாஹ் அடித்தேனா? சப்ரி அடித்தானா? ஹாஜியார் அடித்தாரா? யாரும் யாருக்கும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவும் இல்லை, ஆனால் எல்லாரும் அந்த ஒரு வரியை விட்டுவிட்டே சோதித்திருக்கிறோம். உண்மையான காட் அடிக்கும்போது மட்டும்தான் அந்த வரி வரும். உண்மையான காட் அடிக்கிறவள் ஜெஸீமா. மிஸ் எங்கள் ஆளாக இருந்திருந்தால் அவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

மிஸ் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. "அப்ப அழிக்கத் தேவையில்லாத காட் ஒண்டு அடிங்க" என்றார். சாய்ந்தமருதில் ஒரு டீச்சரின் மகளுடைய காட் அன்று பின்னேரம் அடிக்க இருந்தது. ஹாஜியார் அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். இது அடித்தால் அடித்ததுதான், அச்சுக்குத்தான் போகும்.

ஜெஸீமா நேராக உட்கார்ந்தாள். அரபியில் பிஸ்மில்லாஹ் அடித்தாள், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. அது முடிந்ததும் அவளுடைய இடது கை சாய்பலகைக்குப் போனது. கடிதத்தின் முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு குனிந்து வாசித்தாள். அதே நேரம் வலது கை கீழே இறங்கி, கீபோட்டின் வலது மூலையில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமத்தியது. பிறகு இரண்டு கைகளும் ஒன்றாகி, தமிழில் மழை பொழியத் தொடங்கியது.

"போயிட்டு" என்றார் மிஸ், திரையில் ஓடிப்போன எழுத்தைப் பார்த்து மெதுவாக.

ஜெஸீமாவுக்குத் தெரியவே தெரியாது. முறையாகத் தட்டச்சுப் பழகியவர்கள் திரையையும் பார்ப்பதில்லை, கட்டையையும் பார்ப்பதில்லை, கடிதத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் மணமகளின் பெயர், மணமகனின் பெயர் என்று அடித்துக்கொண்டே போனாள். எழுத்துகள் வலப்பக்கத்தில் வரிசையாகப் போய்க் குந்திக்கொண்டிருந்தன. கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்து பார்த்ததும் அவள் முகம் இருண்டது. பாருங்க மிஸ், நான் சொன்னேன்தானே என்றாள். மிஸ் என்னைப் பார்த்து, எந்தக் கை என்று கேட்டார். வலது கை, வலப்பக்கத்துக் கொன்ட்ரோலும் வலப்பக்கத்து ஷிப்டும் என்றேன். அப்போதுதான் மிஸ் கைப்பையிலிருந்து கையை எடுத்தார். எடுத்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார்.

விஷயம் இதுதான். அந்த மெசினில் அரபியிலிருந்து தமிழுக்கு மாறுவதற்கு கொன்ட்ரோலையும் ஷிப்டையும் சேர்த்து அமத்த வேண்டும். கீபோட்டில் அந்தச் சோடி இரண்டு பக்கமும் இருக்கிறது. எல்லாரும் இடப்பக்கத்துச் சோடியை அமத்துவார்கள், மொழி மாறும், அவ்வளவுதான். ஆனால் அரபி போட்ட கொம்பியூட்டரில் வலப்பக்கத்துச் சோடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அரபி வலமிருந்து இடமாக எழுதுவது அல்லவா, அதற்காக முழுப் பக்கத்தையும் வலப்பக்கம் திருப்பிவிடும். இடப்பக்கத்துச் சோடி திரும்ப நேராக்கும். அரபி இல்லாத கொம்பியூட்டரில் இது நடக்கவே நடக்காது. சப்ரி மெசினைத் துடைத்த பிறகு கொஞ்ச நாள் நன்றாக ஓடியதும் அதனால்தான். அந்த நாட்களில் டியூசன் வகுப்பு நோட்டீஸ்தான் வந்தது. கலியாணக் காட் வந்ததும் அவன் அரபியை ஏற்றினான், பழுதும் கூடவே ஏறியது. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இடது கைக்கு வேலை இருந்தால் வலப்பக்கத்துக் கட்டையை வலது கையால் அமத்த வேண்டும் என்று தட்டச்சு டீச்சர் அவள் விரலில் அடிமட்டத்தால் அடித்தே பழக்கியிருக்கிறார்.

நான் இடப்பக்கத்துச் சோடியை அமத்தினேன், எழுத்தெல்லாம் ஓடி வந்து நேராக நின்றது. வலப்பக்கத்தை அமத்தினேன், ஓடிப்போனது. ஹாஜியார் என்னை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார். அமத்துகிறார், போகிறது. அமத்துகிறார், வருகிறது. பெருநாள் ஊஞ்சலைக் கண்ட பிள்ளை மாதிரி அவர் விடவே இல்லை. சப்ரி வந்தான், அவனுக்கும் ஒரு முறை. அச்சு மெசின் ஓட்டுகிறவர் கையில் மையோடு வந்தார், மையைத் துடைத்துவிட்டு அவரும் ஒரு முறை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

அதற்கு நாங்கள் செய்த வைத்தியத்தைக் கேட்டால் இந்தக் காலத்துப் பொடியன்மார் நம்பமாட்டார்கள். கொம்பியூட்டரில் கையே வைக்கவில்லை. சாய்பலகையைத் தூக்கி மேசையின் வலப்பக்கம் வைத்தேன். இனிக் கடிதத்தில் விரல் வைப்பது வலது கை, மொழி மாற்றுவது இடது கை. ஜெஸீமா முதல் காட்டில் கொஞ்சம் தடுமாறினாள், அடுத்ததில் மழை பழையபடி பெய்தது. தூரத்தில் இருந்துகொண்டு திரையைப் பிடிக்கலாம் மக்காள், சாய்பலகை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதில் தெரியாது.

ஹாஜியார் சிரிப்பெல்லாம் அடங்கி ஜெஸீமாவின் முன்னால் வந்து நின்றார். பெரிய மனுசன், தாடியெல்லாம் நரைத்தவர். எல்லாருக்கும் முன்னால், மாப்புச் செய்யுங்க மகள் என்றார். சம்பளமும் கதிரையும் அவளுடையதுதான், இனி இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார். நாங்கள் எல்லாரும் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம்.

அவள் சிரிக்கவில்லை. "என்னட்ட மாப்புக் கேக்கத் தேவல்ல ஹாஜியார். நீங்க தேத்தண்ணிக் கடையில சொன்ன கத மருதமுனைக்குப் போயிட்டு. அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அவள் அந்த மாதிரிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஹாஜியார் குனிந்து கீபோட்டின் வயரைக் கழற்றினார். என்னைப் பார்த்து, பாவா, மோட்டார் சைக்கிளை எடுங்க என்றார். மிஸ் குடையை விரித்துக்கொண்டு கடைக்கு நடந்தே போய்விட்டார்.

நான் ஓட்டினேன். பின்னால் ஹாஜியார், கமக்கட்டில் கீபோட், காற்றில் ஆடுகிற வயர். பாண்டிருப்புச் சந்தியில் தெரிந்தவர்கள் கையைக் காட்டி, என்ன ஹாஜியார், எங்கே என்று கேட்டார்கள். அவர் கீபோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு, அதே நேரம் அவர் மேல் ஒரு மரியாதையும் ஏறிக்கொண்டே வந்தது. சொன்னதைத் திருப்பி எடுக்கப் பலர் ஆள் அனுப்புவார்கள். இவர் தானே போகிறார்.

மருதமுனையில் மாப்பிள்ளை வீட்டில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அதை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். ஹாஜியார் கீபோட்டை மடியில் வைத்தார். தான் தேத்தண்ணிக் கடையில் சொன்னது பிழை என்று தொடங்கி, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார். பிஸ்மில்லாஹ் எப்போது அடிப்பது, இடது கை எங்கே போகும், வலது கை எங்கே இறங்கும் என்று காட்டினார். கொம்பியூட்டர் இல்லாத வெறும் கீபோட்டில், இந்தா போகுது, இந்தா வருகுது என்று அமத்தி அமத்திக் காட்டினார். ஜெஸீமாவின் கையைப் போல முறையாகப் பழகிய கை இந்தப் பக்கத்திலேயே இல்லை, அதனால்தான் அவளுக்கு மட்டும் இது நடந்தது என்றார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்த உம்மா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அவர் கீபோட்டைப் பார்க்கவில்லை, ஹாஜியாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், இந்தப் பலகையப் பத்தி நீங்க சொன்னதுல எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஆனா ஒரு பொம்புளட பேரு கெட்டுப்போகக் கூடா எண்டு, இதக் கமக்கட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு இந்த வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க. அது எனக்கு நல்லா விளங்குது. எங்கட மகன்ட கலியாணக் காட்ட ஜெஸீமாட கையாலேயே அடிக்கச் சொல்லுங்க."

ஹாஜியார் ஓம் என்றார். கீபோட்டின் வயரைச் சுருட்டித் திரும்பவும் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.